வலது மேல் மூலை

நியூயார்க்கிலிருந்து வாஷிங்டனுக்கு ரயிலில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். இந்தத் தடத்தின் மூன்று பெரிய நகரங்களில் பழைய தலைமை அஞ்சலகம் ரயில் நிலையத்தை ஒட்டியே நிற்கிறது. நியூயார்க்கில் எட்டாவது அவென்யூவின் ஃபார்லி கட்டடம், 1914-இல் திறந்தது. ஃபிலடெல்ஃபியாவில் முப்பதாம் தெரு நிலையத்துக்கு எதிரே 1935-ஆம் ஆண்டுக் கட்டடம். இப்போது அதில் வருமான வரிக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வாஷிங்டனில் யூனியன் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து நாலு எட்டு வைத்தால் நகர அஞ்சலகம், அதுவும் 1914. எல்லாம் கடிதம் ரயிலேறிப் போன காலத்து ஏற்பாடு. ஓடும் பெட்டிக்குள் நின்றபடியே கடிதம் பிரித்த ஊழியர்களின் கடைசி வண்டி, இதே தடத்தில்தான் 1977 ஜூன் 30 அன்று ஓடி ஓய்ந்தது.

எனக்கு இந்தத் தடத்தில் வேறு வேலை இருந்தது. தோள்பையில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், தீப்பெட்டி அளவில் சில காகிதத் துண்டுகள். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க அஞ்சல்துறை விற்ற கடித உறைகளின் வலது மேல் மூலையில் புடைப்பாக அச்சிட்டிருந்த முத்திரையை மட்டும் யாரோ கத்தரித்து வைத்த துண்டுகள். சேகரிப்பவர்கள் கட் ஸ்கொயர் என்பார்கள். பின்னால் பசை கிடையாது, ஓரத்தில் பல் கிடையாது. உறையில் இருக்கும்வரை காசு. உறையை விட்டு வந்துவிட்டால் அமெரிக்காவின் எந்த அஞ்சலகத்திலும் செல்லாக் காசு. இவை அச்சான இடங்களில் இரண்டைப் பார்த்துவிட்டு, அப்படியே தலைநகரத்து அஞ்சல் அருங்காட்சியகம் வரை போய்வருவது என்று கிளம்பியிருந்தேன். துணைக்குத் தங்கை மகன். கல்லூரியில் கணினி படிக்கிறவன். கடிதம் எழுதி உறையில் போட்டு அனுப்பிய அனுபவம் அவனுக்கு அநேகமாகக் கிடையாது.

“மாமா, இதுல ஸ்டாம்ப்பே இல்லையே. அச்சடிச்ச படம்தானே?” என்றான் முதலில் பார்த்தபோது.

நம் ஊரிலும் இதே எண்ணம்தான். வீட்டுக் கம்பியில் குத்தி வைத்த பழைய கடிதங்களில் பிள்ளைகள் ஒட்டுத் தலைகளைத்தான் தேடுவார்கள். பதினைந்து காசு அட்டையின் புலித்தலையும் இன்லண்டு கடிதத்தின் மயிலும் தீண்டுவாரில்லாமல் கிடக்கும். அமெரிக்காவிலோ இந்த மூலைத் துண்டுகளுக்கென்றே ஸ்காட் விலைப்பட்டியலில் தனிப் பகுதி இருக்கிறது. ‘யூ’ என்ற எழுத்தில் தொடங்கும் எண்கள். வெட்டிய துண்டுக்கு ஒரு விலை, முழு உறைக்கு வேறு விலை.

துண்டுகள் கைக்கு வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். தங்கை குடும்பம் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறது. அங்கிருந்து காரில் போகிற தூரத்தில், ஒரு ஓட்டலின் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை ஸ்டாம்ப் சந்தை. வரிசையாக மேசைகள், மேசைக்குப் பின்னால் பெரும்பாலும் வெள்ளைத் தலைகள். பளபளப்பான ஆல்பங்களைத் தாண்டி மூலையிலிருந்த மேசையில், பழைய சுருட்டுப் பெட்டிகள் நிறைய இந்தச் சதுரங்கள். பெட்டிக்குள் எதை எடுத்தாலும் ஒரு டாலர். மேசைக்காரர் எழுபதைத் தாண்டியவர். நான் ஒரு கைப்பிடி அள்ளியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, நீங்கள் வெட்டுகிறவரா என்பதுதான். இல்லை என்று உறுதி சொன்ன பிறகே லென்ஸை நீட்டினார்.

வெட்டுகிறவர்கள் மேல் அவருக்கு இருந்த கோபத்தில் நியாயம் உண்டு. அந்தக் காலத்து ஆல்பங்களில் ஒவ்வொரு முத்திரைக்கும் ஒரு கட்டம் அச்சிட்டிருப்பார்கள். முழு உறை அதில் எப்படி அடங்கும்? கத்தரி எடுத்தார்கள். அவர்களாவது நாலு பக்கமும் காகிதம் விட்டுச் சதுரமாக வெட்டினார்கள். இன்னும் சிலர் அழகு பார்த்து, முட்டை வடிவக் கோட்டை ஒட்டியே சுற்றி வெட்டினார்கள். அப்படி வெட்டியவற்றை அவர் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அவற்றுக்கு விலையே இல்லை, சிறுவர்கள் வந்தால் சும்மா கொடுக்கத்தான்.

இருந்தாலும் கத்தரிக்காரர்களை ஒரேயடியாகத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. யாரோ ஒரு வக்கீல் அலுவலகத்துக்கோ மளிகைக் கடைக்கோ வந்த வெற்று உறையை எந்த மனிதர் நூற்றைம்பது ஆண்டு பத்திரப்படுத்தியிருப்பார்? மூலையாவது மிஞ்சியதே என்றுதான் தோன்றுகிறது. அந்த மூலையை வைத்துக்கொண்டு, அது எந்த அச்சாலையில், எந்த ஒப்பந்தக்காரர் கையில், எந்தக் காலத்தில் பிறந்தது என்று கண்டுபிடிப்பதில் ஒரு துப்பறியும் சுவை இருக்கிறது. முழு உறை வைத்திருப்பவர்களுக்கு அது அவ்வளவாக வாய்ப்பதில்லை. அவர்களுக்குத்தான் சாட்சிகள் எல்லாம் கையிலேயே இருக்கின்றனவே.

சந்தைப் பெரியவர் சொல்லித்தந்த முதல் பாடம் கிருதா. டேனியல் வெப்ஸ்டர் என்ற அமெரிக்க அரசியல்வாதியின் முகம் தாங்கிய 15 சென்ட் முத்திரைகள் இரண்டை எடுத்து வைத்தார். இரண்டும் ஒன்றேபோல் இருந்தன. லென்ஸில் பார்த்தால் ஒருவருக்குக் காதோரம் கிருதா இருந்தது, மற்றவருக்கு இல்லை. கிருதா உள்ளவர் ஜார்ஜ் ரே என்பவரின் தயாரிப்பு, கிருதா இல்லாதவர் பிளிம்ப்டன் கம்பெனித் தயாரிப்பு. அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அந்த வித்தியாசத்தில் ஒரு வியாபாரக் கதையே இருக்கிறது.

அமெரிக்க அஞ்சல்துறை தன் உறைகளைத் தானே செய்ததில்லை, ஒப்பந்தத்துக்கு விட்டது. 1870-இல் ஒப்பந்தம் நியூயார்க்கின் ரேக்குக் கிடைத்தது. அவர் வெட்டிய அச்சுகளைப் போல நுட்பமானவை அமெரிக்க உறைகளில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்பது இந்தத் துறையில் பலரின் கருத்து. லென்ஸில் பார்த்தபோது நானும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன். 1874-இல் கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபர்டைச் சேர்ந்த பிளிம்ப்டன் ஒப்பந்தத்தைப் பிடித்தது. அதே தலைவர்கள், அதே மதிப்புகள், அதே வடிவம். ஆனால் புதிய அச்சுகள். பார்த்துச் செய்ததுதான், சாயல் வந்தது, உயிர் வரவில்லை. 10 சென்ட் ஜெஃபர்ஸனுக்குத் தலை பெருத்துவிட்டது. 6 சென்ட் லிங்கனுக்கு ரே கொடுத்திருந்த நீண்ட பின்கழுத்து குறுகிப்போனது. 3 சென்ட் வாஷிங்டனுக்கு ரேயின் அச்சில் குடுமி மார்புச் சிலையின் அடிவிளிம்பைத் தாண்டிக் கீழே தொங்கும்; பிளிம்ப்டனில் தொங்காது. பெரியவர் இதையெல்லாம் ஏட்டைப் பார்க்காமல் ஒப்பித்தார். தங்கை மகன் பக்கத்தில் நின்று போனில் குறித்துக்கொண்டான். வாஷிங்டனுக்குக் குடுமி உண்டு என்பதே அவனுக்கு அன்றைய செய்தி.

மறுவாரம் ரயில் ஏறுவதற்கு முன், நியூயார்க்கின் தென்முனைக்குப் போனோம். வால் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்தில் பேர்ல் தெருவும் பைன் தெருவும் சந்திக்கும் மூலை. ஜார்ஜ் நெஸ்பிட் என்ற அச்சுக்காரரின் நிறுவனம் இங்கேதான் இருந்தது. அமெரிக்காவின் முதல் முத்திரை உறைகள் 1853-இல் அவர் கையால் வந்தவை. கலிஃபோர்னியாத் தங்கவேட்டைக் காலம் அது. தென் அமெரிக்காவின் முனையைச் சுற்றி சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பாய்மரக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கப்பல்களுக்கு வண்ண விளம்பர அட்டைகள் அடித்துக் கொடுத்ததிலும் நெஸ்பிட்டுக்குப் பெயர் உண்டு. துறைமுகம் கூப்பிடு தூரம்.

இப்போது அந்த மூலையில் அச்சாலையின் தடயம் எதுவும் இல்லை. 1932-இல் எழும்பிய வானளாவி ஒன்று பைன் தெருவை நிழலாக்கிக்கொண்டு நிற்கிறது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, காகிதக் கோப்பையில் காபியோடு ஆட்கள் விரைந்துகொண்டிருந்தார்கள். நடைபாதையோரம் நின்று நான் துண்டுகளை வெளியே எடுத்தேன். “மாமா, எல்லாரும் பாக்கறாங்க” என்று பையன் நெளிந்தான். யாரும் பார்க்கவில்லை. அந்த ஊரில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

நெஸ்பிட்டின் 3 சென்ட் சிவப்பை அடையாளம் காண முகத்தைப் பார்க்கவே வேண்டாம், அடியிலிருக்கும் பட்டையைப் பார்த்தால் போதும். ‘மூன்று’ என்ற ஆங்கிலச் சொல் ஒரு பட்டைக்குள் இருக்கும். அந்தப் பட்டை 13 மில்லிமீட்டர் அகலத்தில், முனைகள் வளைந்து இருந்தால் முதல் அச்சு. கொஞ்சம் நீண்டு, முனைகள் நேராக இருந்தால் இரண்டாவது. முனைகள் எண்கோண வாட்டத்தில் வெட்டியிருந்தால் மூன்றாவது. அது அரிது, விலையும் அதற்கேற்ப. 20 மில்லிமீட்டர் போனால் நான்காவது. பதினாலரையில், வளைந்த முனையோடு வந்தால் ஐந்தாவது. என்னிடம் இருந்தது சந்தேகமில்லாமல் ஐந்தாவது. எண்கோணம் ஒரு டாலர்ப் பெட்டியில் கிடைக்காது என்று தெரியும். தெரிந்தும் ஸ்கேலை வைத்து இன்னொரு முறை அளந்து பார்த்துக்கொண்டேன்.

கத்தரி எதைத் தின்றது என்பது இந்த மூலையில் நின்றபோதுதான் உறைத்தது. நெஸ்பிட் முதலில் செய்த உறைகளின் பின்மடிப்பில் தன் நிறுவனப் பெயரைப் புடைப்பு முத்திரையாகப் பதித்திருந்தார். அரசாங்க உறையில் அச்சுக்காரருக்கு என்ன விளம்பரம் என்று அஞ்சல்துறை சீறியது, சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். அந்தப் பின்முத்திரை உள்ள உறை என்றால் தொடக்க நாள் சரக்கு என்று நிச்சயமாகச் சொல்லலாம். ஆனால் அது பின்மடிப்பில் இருக்கிறது, என் துண்டு முன்மூலை. ஆக, என் கையிலிருப்பது எந்த நாள் சரக்கு என்று சொல்லும் சாட்சிகளில் ஒன்று குப்பைக்குப் போயாயிற்று.

இதைவிடப் பெரிய இழப்பும் உண்டு. 1852-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு சலுகை தந்தது: அரசாங்க முத்திரை அச்சிட்ட உறைக்குள் இருந்தால், கடிதத்தை அஞ்சல்துறைக்கு வெளியே தனியாரும் கொண்டுபோகலாம். கட்டணம் முன்கூட்டியே கஜானாவுக்கு வந்துவிட்டதல்லவா, பிறகு யார் சுமந்தால் என்ன? அதே ஆண்டு தொடங்கிய வெல்ஸ் ஃபார்கோ நிறுவனம் இந்த உறைகளை மொத்தமாக வாங்கி, தன் கட்டண முத்திரையையும் மேலே அச்சிட்டு, மேற்குக் கரையின் சுரங்க ஊர்களுக்கெல்லாம் கடிதம் சுமந்தது. குதிரை மாற்றிக் குதிரை பாய்ந்த போனி எக்ஸ்பிரஸ் கடிதங்களிலும் நெஸ்பிட்டின் 10 சென்ட் பச்சை உறைகள் உண்டு. எங்கோ ஒரு சுருட்டுப் பெட்டியில் கிடக்கும் பச்சைச் சதுரம் ஒன்று கலிஃபோர்னியாவிலிருந்து குதிரையில் வந்த உறையின் மூலையாகக்கூட இருக்கலாம். வெல்ஸ் ஃபார்கோ அச்சும் சுரங்க ஊரின் பெயரும் இருந்த இடப்பக்கம் போய்விட்ட பிறகு அதை யார் நிரூபிப்பது?

ரயில் நியூயார்க்கை விட்டுக் கிளம்பும் இடமும் அஞ்சலகம்தான். ஃபார்லி கட்டடத்தின் கடிதம் பிரிக்கும் கூடமாக இருந்த பகுதி, 2021 ஜனவரி முதல் நாளிலிருந்து மொய்னிஹன் ரயில் கூடம். கண்ணாடிக் கூரை, கீழே இரும்புத் தாங்கிகள். சாப்பாட்டுக் கடைகள் பழுதில்லை. ஆனால் உட்காரத்தான் இடம் போதவில்லை. பயணச்சீட்டு இருப்பவர்களுக்கென்று ஒரு மூலையில் வேலி போட்டு நாற்காலி வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் தரையிலும் படியிலும்.

வண்டி நெவார்க்கைத் தாண்டியதும் சாப்பாட்டுப் பலகையை இறக்கித் துண்டுகளைப் பரப்பினோம். அடுத்த பாடம் காகிதம். அந்த உறைகள் வெள்ளையில் மட்டுமல்ல, ஆம்பர், கிரீம், பஃப், ஃபான், ஆரஞ்சு, நீலம் என்று பல நிறக் காகிதங்களில் வந்தன. நிறம் மாறினால் பட்டியல் எண்ணும் மாறும், விலையும் மாறும். வயதான வெள்ளைக் காகிதம் பழுத்து ஆம்பர்போல நடிக்கும். வெயில் தின்ற ஆம்பர் வெள்ளைபோல நடிக்கும். இதற்கு வழி, துண்டைத் திருப்பிப் பார்ப்பது. பின்பக்கம் என்பது உறையின் உட்புறம். வெளிச்சமும் விரலும் அவ்வளவாகப் படாத இடம். நிறத்தைப் பற்றிய வழக்கில் முன்பக்கத்தை விடப் பின்பக்கச் சாட்சிதான் எடுபடும். பையனுக்கு இது பிடித்துப்போனது. வரிசையாகக் கவிழ்த்து வைத்துப் பிரிக்க ஆரம்பித்தான். நான் வெள்ளை என்று ஒதுக்கிய ஒன்றை ஆம்பர் பக்கம் நகர்த்தினான். மறுக்க முடியவில்லை.

பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் நீர்க்குறி. ஒப்பந்தம் மாறும்போதெல்லாம் காகிதத்தின் நீர்க்குறியும் மாறியது. முதல் காலத்தில் அஞ்சல்துறையின் பெயர் முதலெழுத்துகள் மேலே, நாட்டின் பெயர் முதலெழுத்துகள் கீழே. உறை முழுதாக இருந்தால் படித்துவிடலாம். துண்டில் ஓர் எழுத்தின் கால் மட்டும் தெரியும், அல்லது எதுவும் தெரியாது. காகிதத்தினுள் ஓடும் இணைகோடுகள் மட்டும் சாய்ந்து தெரிந்தன. உறைக்கான காகிதத்தை அச்சிடும்முன் கோணலாக வைத்து வெட்டியதால் வந்த சாய்வு அது. காகிதத்தை எப்படிப் போட்டு வெட்டினார்கள் என்பதைச் சதுர அங்குலத் துண்டுகூடச் சொல்லிவிடுகிறது. எந்தக் கத்தியில் வெட்டினார்கள், அதாவது உறை என்ன அளவு, என்ன வடிவம் என்பதை மட்டும் எந்தத் துண்டாலும் சொல்ல முடியாது. முழு உறைக்காரர்களின் உலகில் அந்தக் கத்திகளுக்கே எண் போட்டுப் பெரிய பட்டியல் வைத்திருக்கிறார்கள். அந்தக் கதவு நமக்கு மூடியது மூடியதுதான்.

எங்கள் துண்டுகளில் நட்சத்திரம் பொறித்த 3 சென்ட் சிவப்பு ஒன்று இருந்தது. 1860-இல் வந்தது, மறு ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. தெற்கு மாநில அஞ்சலகங்களில் கிடந்த தபால்தலைகளையும் உறைகளையும் எதிரிகள் வடக்கே கொண்டுவந்து காசாக்கிவிடுவார்கள் என்று வாஷிங்டன் பயந்தது. பழையவை அனைத்தும் செல்லாது என்று 1861-இல் அறிவித்து, புதிய வடிவங்களை இறக்கியது. நட்சத்திர உறைக்கு ஆயுள் அவ்வளவுதான். செல்லாது என்ற அறிவிப்பை ஒரே இரவில் கேட்ட அனுபவம் நமக்கும் உண்டு என்பதால், பையனுக்கு விளக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. 2016 நவம்பரில் தாத்தா வங்கி வாசலில் நின்ற புகைப்படம் அவர்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்னும் இருக்கிறது.

ஃபிலடெல்ஃபியாவில் இறங்கி டாக்ஸி பிடித்து ஃபேர்மவுண்ட் பூங்காவுக்குப் போனோம். அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டுக்கு 1876 மே 10 முதல் நவம்பர் 10 வரை இங்கே உலகக் கண்காட்சி நடந்தது. திறந்து வைத்தது அதிபர் கிராண்ட். பக்கத்தில் பிரேசில் பேரரசர் இரண்டாம் பெட்ரோ. இருவருமாகச் சேர்ந்துதான் கார்லிஸ் என்ற ராட்சச நீராவி இயந்திரத்தை முடுக்கினார்கள். இயந்திர மண்டபம் முழுவதும் அதன் சக்தியில் சுழன்றது. பெல்லின் தொலைபேசி இங்கே காட்சிக்கு வந்தது. சுதந்திர தேவி சிலையின் கை மட்டும், தீபத்தோடு, இங்கே தனியாக நின்றது. உடல் வர இன்னும் பத்தாண்டு.

எங்களுக்கு வேண்டியது உறை இயந்திரம். பிளிம்ப்டன் கம்பெனி கண்காட்சித் திடலிலேயே இயந்திரத்தை ஓட்டி, பார்வையாளர் கண்முன்னால் உறை செய்து காட்டியது. நெஸ்பிட் காலத்தில் அச்சு ஒரு பக்கம், கையால் மடிப்பது ஒரு பக்கம். இங்கே அச்சு, பசை, மடிப்பு எல்லாம் ஓர் இயந்திரத்திலேயே நடந்தன. அங்கே செய்த உறையின் 3 சென்ட் முத்திரை வடிவம் மற்றவற்றைப் போல் தலைவர் முகம் அல்ல. கேடயத்துக்குள் மேலே குதிரையில் பாயும் தபால்காரன், கீழே தந்திக் கம்பிகளோடு ரயில். 1776, 1876 என்று இரண்டு ஆண்டுகள். பச்சையிலும் சிவப்பிலும் வந்தது. நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டாட அமெரிக்கா வெளியிட்ட முதல் முத்திரை இதுதான். ஒட்டுத் தலையில் அந்த வழக்கம் தொடங்க 1893-இன் கொலம்பஸ் வரிசை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதிலும் இரண்டு அச்சுகள். மேலே ஆங்கிலத்தில் ‘அஞ்சல் கட்டணம்’ என்ற சொல்லுக்குக் கீழே ஒற்றைக் கோடா, இரட்டைக் கோடா என்று பார்க்க வேண்டும். எங்கள் பச்சையில் இரட்டை.

இயந்திர மண்டபம் இன்று இல்லை. மிஞ்சியது நினைவு மண்டபம், அன்றைய கலைக்காட்சிக் கட்டடம். இரும்பும் கண்ணாடியுமான குவிமாடம் அழகுதான். 2008 முதல் அதற்குள் ஒரு குழந்தைகள் அருங்காட்சியகம் நடக்கிறது. எங்களைத் தவிர உள்ளே வந்தவர்கள் எல்லோரும் கையில் ஒரு குழந்தையோடு வந்திருந்தார்கள். சீட்டுக் கொடுத்த பெண், குழந்தை எங்கே என்பதுபோலப் பார்த்தாள். கல்லூரிப் பையனைக் காட்டினேன். அவனுக்குக் கோபம்.

கீழ்த்தளத்தில் பழைய கண்காட்சித் திடல் முழுவதையும் சிறிதாக்கி வைத்த மாதிரி இருக்கிறது. கட்டடம் கட்டடமாக, நடைபாதை நடைபாதையாக. குழந்தைகள் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. அவர்களுக்கு மேலே விளையாட்டு ஆயிரம். இயந்திர மண்டபத்தின் நீளக் கூரையைக் கண்டுபிடித்து, அதன் முன் நின்று பச்சைத் துண்டை எடுத்துப் பார்த்துக்கொண்டேன். இத்தனை பெரிய திருவிழாவில் மக்கள் வாங்கிப் போனவற்றில் இது மூன்று சென்ட்டுச் சமாச்சாரம். வெட்டினவர் தாராளமாக ஓரம் விட்டிருந்தார், அதற்கு அவருக்கு நன்றி.

வாஷிங்டன் போய்ச் சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. மறுநாள் காலை அருங்காட்சியகம் திறந்ததும் முதல் ஆளாக நுழைந்தோம். பழைய நகர அஞ்சலகம் 1986 வரை வேலை செய்து, 1993-இல் ஸ்மித்ஸோனியனின் தேசிய அஞ்சல் அருங்காட்சியகமானது. நுழைவுக் கட்டணம் இல்லை. நடுக்கூடத்தின் கூரையிலிருந்து பழைய தபால் விமானங்கள் தொங்குகின்றன. கண்ணாடிக்குள் ஓனி என்ற நாய், பாடம் செய்து, கழுத்தில் பட்டையும் பதக்கங்களுமாக. ரயில் தபால் பெட்டிகளில் ஊர் ஊராகத் திரிந்து ஊழியர்களுக்குச் செல்லமாகிப் போனது, 1897-இல் இறந்தது. ரயில் தபால் பெட்டியின் உட்புறமும் அங்கேயே இருக்கிறது. குழிக் குழியாகத் தட்டுகள், எதிரே கொக்கிகளில் வாய் திறந்த சாக்குகள். இரண்டுக்கும் இடையில் ஆள் நிற்கும் அகலம்தான்.

தபால்தலைக் கூடம் 2013-இல் சேர்ந்தது. எல்லோரும் முதலில் ஓடுவது விமானம் தலைகீழாக அச்சான 24 சென்ட் தலைக்கு. எனக்கு அதில் பெரிய ஈர்ப்பில்லை. படம் தலைகீழாக இருப்பதைக் காண லென்ஸ் வேண்டியதில்லை, படிப்பும் வேண்டியதில்லை. சுவர்களில் செங்குத்தாக அடுக்கிய சட்டங்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் பார்க்கும் அறைதான் நம் இடம். அங்கே முழு உறைகளைப் பார்த்தபோது, இத்தனை நாள் மூலையை மட்டும் பார்த்துப் பழகிய கண் திணறியது. முகவரி, ஊர் முத்திரை, மை கசிந்த இடம், யாரோ பென்சிலில் கூட்டிய கணக்கு. பையன் ஒரு சட்டத்தின் முன் நின்று, “இதெல்லாம் வெட்டிப் போட்டுட்டானுங்களா, மாமா?” என்றான். அவன் குரலில் சந்தைப் பெரியவரின் சாயல் வந்திருந்தது.

வெட்டிப் போட்டார்கள்தான். ஆனாலும் முழு உறையின் முன் நிற்கும்போது அந்தக் கிருதாவை யாரும் பார்ப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கண் முகவரிக்குப் போகிறது, கதைக்குப் போகிறது. மூலையில் இருக்கும் வெப்ஸ்டரின் காதோரத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தவர்கள், ரேயையும் பிளிம்ப்டனையும் பிரித்தவர்கள், வாஷிங்டன் குடுமியின் நீளத்தை அளந்தவர்கள், பட்டை மில்லிமீட்டரை எழுதி வைத்தவர்கள் பலருக்குப் பழக்கம் இந்தச் சதுரங்களில்தான். இனி ஓர் உறையைக்கூட யாரும் வெட்டக் கூடாது; வெட்டியதை யாரும் எறியவும் கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதில் எனக்குச் சங்கடமில்லை.

திரும்பும் வண்டியில் மிச்சமிருந்தது 2 சென்ட் வாஷிங்டன் கும்பல். 1883 அக்டோபர் முதல் தேதி கடிதக் கட்டணம் மூன்று சென்டிலிருந்து இரண்டாக இறங்கியது; உறைகள் அவசரமாகப் புதிதாக வேண்டியிருந்தன. முதலில் வந்தவற்றில் முட்டை வளையத்தின் அலைக்கோடுகள் மெல்லியதாய்த் தெளிவாக இருக்கும். அடுத்து வந்தவற்றில் தடித்து மங்கியிருக்கும். பிறகு அச்சைத் திருத்தினார்கள். திருத்தியவற்றில் இடப்பக்க 2-க்கு மேலே மூன்றரைக் கண்ணிகள் உள்ளது ஒரு வகை, வலப்பக்க 2-க்குக் கீழே இரண்டு கண்ணிகள் உள்ளது இன்னொரு வகை. அரைக் கண்ணியை எண்ணுவதற்குப் பொறுமை வேண்டும், ஆடாத மேசையும் வேண்டும். வண்டி எழுபது எண்பது மைல் வேகத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

பையன் விடவில்லை. போன் காமிராவில் படமெடுத்து, திரையில் பெரிதாக்கி, விரலால் நகர்த்தி நகர்த்தி எண்ணினான். லென்ஸைவிட அது வசதி என்பதை நானும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. வில்மிங்டன் தாண்டுவதற்குள் பாதியைப் பிரித்துவிட்டான். பெரும்பாலும் சாதாரணங்கள். ஒன்றை மட்டும் தனியாக வைத்தான். இடப்பக்க 2-க்கு நேர் மேலே அஞ்சல் முத்திரையின் கறுப்பு மை அழுத்தமாக விழுந்திருந்தது. மூன்று கண்ணிகள் தெரிந்தன. நான்காவது இடத்தில் மை.

“அரையா, முழுசா?” என்றேன்.

“ஸ்கேன் பண்ணி மையை மட்டும் நீக்கிப் பாக்கலாம், மாமா. சிவப்பு வேற, கறுப்பு வேற, பிரிச்சிடலாம்.” மடிக்கணினியைப் பையிலிருந்து எடுத்துவிட்டான். ட்ரென்டன் வருவதற்குள் பேட்டரி இறங்கிவிட்டது. அடுத்த சந்தை எப்போது என்று அம்மாவுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சுருட்டுப் பெட்டியில் அதே முத்திரை மை படாமல் இன்னொன்று கிடைக்கும் என்பது அவன் கணக்கு.